வீட்டிற்கு ஒரு மடல்

பள்ளி விட்டு வீடு திரும்பும் மாணவனுடைய பையில் ஏடுகளும் எழுதுகோல்களும் மட்டுமா இருக்கின்றன? பாதி தின்ற பழம் இருக்கும். நனைந்த கைக்குட்டை இருக்கும். நண்பனிடம் எதையோ கொடுத்து மாற்றாகப் பெற்ற கோலிக் குண்டு இருக்கும். அவற்றிற்கிடையே நான்காக மடித்துக் கசங்கிய தாள் ஒன்றும் சில நாள்களில் இருப்பதுண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பள்ளிகளில் அத்தாளுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆசிரியர் தம் வகுப்பில் நடப்பனவற்றை எழுதி, மாணவர் வழியே அவர்தம் இல்லங்களுக்கு விடுக்கும் மடல் அது. இக்காலத்தில் அது மின்னஞ்சலாகவும் செல்கிறது; கைப்பேசித் திரையிலும் தோன்றுகிறது. ஊர்தி மாறினும் மடல் மாறவில்லை. கணக்காசிரியரும் அத்தகைய மடல் எழுதுவர். அறிவியல் ஆசிரியரும் எழுதுவர். ஆயினும் ஸ்பானிய மொழி கற்பிக்கும் ஆசிரியர் எழுதும் மடலில், பிறர்க்கு இல்லாத சிக்கல் ஒன்று உண்டு.

அந்நாட்டில் தம் இல்லங்களில் ஸ்பானிய மொழி பேசுவோர் 4 கோடிக்கும் மேற்பட்டவர். ஆதலின் ஸ்பானிய வகுப்பில் ஒரே பலகையில் இருவகை மாணவர் அமர்ந்திருப்பர். ஒருவன் வீட்டில் அம்மொழியில் ஒரு சொல்லும் அறிந்தவர் இல்லை. மற்றவன் வீட்டிலோ அம்மொழியன்றி வேறொன்றும் அறியாத பாட்டி இருக்கிறாள். ஆசிரியர் எழுதும் மடல் ஒன்று. அது சென்று சேரும் இல்லங்கள் இருவகை. இரண்டிற்கும் பொருந்துமாறு எழுதுவது எங்ஙனம்?

முதல் வகை இல்லத்தை எடுத்துக்கொள்வோம். மகன் போடும் கணக்கைத் தந்தை திருத்தலாம்; வரலாற்றுப் பாடத்தைத் தாய் கேட்டறியலாம். ஸ்பானிய ஏட்டை விரித்தால் இருவரும் வாய் திறவார். "எங்களுக்கு இது தெரியாது; நீயே படித்துக்கொள்" என்று கூறி விலகிவிடுவர். இவ்விலகலை நீக்குவதே மடலின் முதற்பணி. "மூன்றாம் பாடம் முடிந்தது, வெள்ளியன்று தேர்வு" என்று எழுதினால் பெற்றோர் அறிந்துகொள்வர், ஆனால் அவர்கள் செய்வதற்கு ஒன்றும் இராது. அதற்கு மாறாக, "இன்றிரவு உணவு உண்ணும்போது, மேசை மீதுள்ள பொருள்களுக்குப் பெயர் கூறுமாறு உங்கள் பிள்ளையைக் கேளுங்கள், ரொட்டி 'பான்', நீர் 'ஆகுவா', உப்பு 'ஸால்', சோறு 'அறோஸ்'" என்று எழுதினால் நிலைமை தலைகீழாகிறது. அங்கே பிள்ளை ஆசிரியனாகிறான், பெற்றோர் மாணவராகின்றனர். தந்தை 'ஆகுவா' என்பதைத் தவறாக ஒலிக்க, பத்து வயதுச் சிறுவன் அவரைத் திருத்தும் இன்பம் எந்தப் பாடநூலிலும் கிட்டாது! நான்கு சொற்கள் போதும். நாற்பது சொற்களை அடுக்கி அனுப்பும் ஆசிரியர், மடலைப் பட்டியலாக்கிவிடுகிறார். பட்டியலை எவரும் உணவு மேசைக்கு எடுத்துச் செல்வதில்லை.

மொழியின் சில வியப்புகளை முன்கூட்டியே விளக்கிவிடுவதும் நலம். ஸ்பானிய மொழியில் வினாத்தொடரின் இறுதியில் மட்டுமன்றி, அதன் தொடக்கத்திலும் வினாக்குறி இடப்பெறும். தொடக்கத்தில் நிற்பது தலைகீழாக நிற்கும். இதனை அறியாத தந்தை, மகள் ஏட்டில் அக்குறியைக் கண்டு பிழையென அடித்துவிடக் கூடும். மாட்ரிட் நகரிலுள்ள ஸ்பானிய அரச மொழிக் கழகம் 1713 ஆம் ஆண்டில் தோன்றியது. அக்கழகம் 1754 ஆம் ஆண்டில் வெளியிட்ட எழுத்திலக்கண நூலில் இவ்வழக்கத்தை வகுத்தது. காரணம் எளிது. ஸ்பானிய மொழியில் ஒரு தொடர் வினாவா, கூற்றா என்பது பலவிடங்களில் சொல்லமைப்பால் விளங்காது. குரலின் ஏற்றத்தாழ்வால் மட்டுமே விளங்கும். நீண்ட தொடரை உரக்கப் படிப்பவர், இறுதிவரை சென்று 'இது வினா' என அறிந்தால், மீண்டும் முதலிலிருந்து குரலை மாற்றிப் படிக்க நேரும். தொடக்கத்திலேயே ஒரு குறி நின்று, "இனி வருவது வினா" என எச்சரித்தால் அத்தொல்லை இல்லை.

'ஞ' என்னும் ஒலிக்கு அம்மொழியில் உள்ள எழுத்தும் இத்தகையதே. அது னகர எழுத்தின் மேல் சிற்றலை போன்ற கோடு இட்டு எழுதப்படும். இடைக்காலத்தில் தோலேடுகளில் எழுதியோர், இரட்டித்து வரும் னகரத்தை எழுதும்போது இடமும் உழைப்பும் மிச்சமாகும்பொருட்டு ஒன்றை மற்றொன்றன் தலைமீது சிறு கோடாக ஏற்றினர். அக்கோடே இன்றும் நிற்கிறது. 1991 ஆம் ஆண்டில், இவ்வெழுத்து இல்லாத கணிப்பொறி விசைப்பலகைகளையும் ஸ்பெயினில் விற்க இடந்தர வேண்டும் என ஐரோப்பியச் சமூகம் வற்புறுத்தியபோது அந்நாட்டார் கொதித்தெழுந்தனர்; 1993 ஆம் ஆண்டில் அரசாணை பிறப்பித்து அதனைக் காத்துக்கொண்டனர். ஓர் எழுத்திற்காக ஒரு நாடு எழுந்து நின்ற கதை, இலக்கண விதியைக் காட்டிலும் வீட்டாரின் நெஞ்சில் நன்கு பதியுமன்றோ?

ரகரத்தைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு உயிர்களுக்கிடையே அவ்வெழுத்து ஒன்றாக வரின் நாக்கு ஒரு முறை தட்டும். இரட்டித்து வரின் நாக்கு பன்முறை அதிரும். 'பெரோ' என்றால் 'ஆனால்' என்பது பொருள். 'பெறோ' என்றால் நாய். ரகர றகரங்களைப் பிரித்து ஒலிக்கக் கற்ற நமக்கு இது பெரிய செய்தியன்று. ஆங்கிலம் பேசும் சிறுவர்க்கோ நாக்கு எளிதில் வளையாது. ஆகவே அவர்கள் குளிக்கும்போதும் நடக்கும்போதும் 'ற்ற்ற்' என ஓயாது பழகுவர். "இம்மாதம் உங்கள் வீட்டில் இவ்வோசை கேட்கும், பொறுத்தருள்க" என்று ஆசிரியர் ஒரு வரி எழுதினால் வீடே சிரிக்கும்.

இனி இரண்டாம் வகை இல்லத்திற்கு வருவோம். அங்கு வியப்பு வேறு வகையில் எழும். பாட்டி தன் இளமையில் கற்ற நெடுங்கணக்கில் 29 எழுத்துகள் இருந்தன. பேத்தி பள்ளியில் கற்பதோ 27. "சே என்னும் எழுத்தும், எல்யே என்னும் எழுத்தும் எங்கே போயின?" எனப் பாட்டி வினவுவாள். பேத்தி விழிப்பாள். உண்மை இதுதான்: அவ்விரண்டும் ஈரெழுத்துக் கூட்டுகளே. 1994 ஆம் ஆண்டில், அகராதியில் அவற்றிற்குத் தனி வரிசை வேண்டா என மொழிக் கழகங்கள் ஒருங்கே முடிவு செய்தன. 2010 ஆம் ஆண்டில் எழுத்துகளின் எண்ணிக்கையிலிருந்தும் அவற்றை நீக்கின. பாட்டி கற்றதும் பிழையன்று. பேத்தி கற்பதும் பிழையன்று. இதனை மடலில் எழுதாவிடின், பேத்தி தன் பாட்டியை அறியாதவள் என எண்ணிவிடக் கூடும். அவ்வெண்ணம் ஒரு வீட்டில் புகுந்தால் எளிதில் வெளியேறாது.

இத்தகைய இல்லங்களுக்கு மடலை ஸ்பானிய மொழியிலும் எழுதுதல் வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால் நடப்பது யாது? பிள்ளையே மொழிபெயர்ப்பாளனாகிறான். "தங்கள் மகன் மூன்று வாரங்களாக வீட்டுப்பாடம் முடிக்கவில்லை" என்ற வரி, அவன் நாவில், "நான் நன்றாகப் படிக்கிறேனாம், அம்மா" என்று மாறிவிடுவதில் வியப்பொன்றும் இல்லை. விளையாட்டு ஒருபுறம் இருக்க, வீட்டில் பெரியவர்கள் அறிய வேண்டியதைச் சிறுவன் வாயிலாக மட்டுமே அறியும் நிலை பெற்றோர்க்குப் பெருமை தருவதன்று. 

ஆயினும் ஸ்பானிய மொழியில் எழுதுவோர் சொற்களில் விழிப்பாயிருத்தல் வேண்டும். 'லிப்ரெரியா' என்னும் சொல் ஆங்கிலத்தில் நூலகத்தைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலிக்கும். ஆனால் அதன் பொருள் புத்தகக் கடை. நூலகத்திற்குரிய சொல் 'பிப்லியோதேக்கா' என்பது. "சனிக்கிழமைதோறும் பிள்ளையை லிப்ரெரியாவுக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்று ஓர் ஆசிரியர் எழுதிவிட்டால், அன்றாடக் கூலிக்கு உழைக்கும் தாய் வாரந்தோறும் புத்தகம் வாங்கப் பணத்திற்கு எங்கே போவாள்? காசின்றிப் படிக்கும் பொது நூலகம் அடுத்த தெருவிலேயே இருக்க, அவள் தன்னால் இயலாது எனத் தலைகுனிந்திருப்பாள். ஒரு சொற்பிழையால் விளையும் தீங்கு இது. இன்னொன்று நகைப்பிற்கிடமானது. கியூபாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் பேருந்தை 'குவாகுவா' என்பர். சிலி நாட்டிலோ அச்சொல்லுக்குக் கைக்குழந்தை என்பது பொருள். "காலை எட்டு மணிக்குக் குவாகுவா பள்ளி வாயிலில் வந்து நிற்கும், அனைவரும் ஏறிக்கொள்க" என்ற வரியைச் சிலி நாட்டுக் குடும்பம் படிக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள்! மெக்சிக்கோவினர் அதே ஊர்தியைக் 'காமியோன்' என்பர். அச்சொல் பிற நாடுகளில் சரக்குந்தைக் குறிக்கும். ஸ்பானியம் ஆட்சிமொழியாக வழங்கும் தனிநாடுகள் 20 ஆதலின், எல்லோர்க்கும் விளங்கும் 'அவுதோபூஸ்' என்னும் சொல்லை ஆசிரியர் எடுத்துக்கொள்வது தக்கது.

மடலின் விளிப்பும் கருதத்தக்கது. முன்னர்ப் 'பெற்றோர்களே' என விளித்து எழுதினர். தந்தையோ தாயோ இல்லாது பாட்டியிடமும் அத்தையிடமும் வளரும் பிள்ளைகள் பலர் இருத்தலின், இக்காலத்தில் 'எஸ்திமாதாஸ் பமிலியாஸ்', அதாவது 'மதிப்பிற்குரிய குடும்பத்தாரே' என விளிக்கும் வழக்கம் பரவியுள்ளது. தமிழில் 'நீ' எனவும் 'நீங்கள்' எனவும் வேறுபாடு இருப்பதுபோல, ஸ்பானியத்தில் 'தூ' எனவும் 'உஸ்தேத்' எனவும் உண்டு. மடலில் மதிப்புச் சொல்லே வேண்டும். பெயரிலும் ஒரு நுட்பம் உள்ளது. ஸ்பானிய மரபில் ஒருவர்க்கு இரு குடிப்பெயர்கள் உண்டு. முதலாவது தந்தை வழியது, இரண்டாவது தாய் வழியது. கொலம்பிய நாவலாசிரியர் கப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் பெயரில் கார்சியா தந்தை வழிப் பெயர். மார்க்கேஸ் தாய் வழிப் பெயர். பள்ளிப் பதிவேடுகள் ஒரு குடிப்பெயருக்கே இடம் வைத்திருப்பதால், முன்னதை நடுப்பெயரெனக் கொண்டு பின்னதை மட்டும் எழுதிவிடுவதுண்டு. மடலின் உறைமீது தன் மகளின் பெயர் முழுமையாக எழுதப்பட்டிருப்பதைக் காணும் தாய், உள்ளே உள்ளதைப் படிக்கும் முன்னரே மகிழ்ந்துவிடுவாள்.

மற்றும் ஒன்று. 'எதுகாசியோன்' என்னும் ஸ்பானியச் சொல்லைக் கல்வி என்று மொழிபெயர்ப்பர். ஆனால் அம்மக்கள் ஒரு பிள்ளையை 'நன்கு எதுகாதோ ஆனவன்' என்றால், நிறைய மதிப்பெண் பெற்றவன் என்பது பொருளன்று. பெரியோர்க்குப் பணிந்து, பிறர்க்கு இடங்கொடுத்து, நன்னடையுடன் வாழ்பவன் என்பது பொருள். மதிப்பெண்ணை மட்டும் எழுதும் மடல் அவர்கள் மனத்திலுள்ள வினாவிற்கு விடை தருவதில்லை. "உங்கள் மகள் இவ்வாரம் புதிதாக வந்த மாணவிக்குத் தன் ஏட்டைக் கொடுத்துதவினாள்" என்ற ஒரே வரி அவ்விடையைத் தந்துவிடும்.

"இன்றிரவு வீட்டில் ஸ்பானிய மொழியில் பேசுங்கள்" என்று ஆசிரியர் எழுதுகிறார் எனக் கொள்வோம். எளிய வேண்டுகோளாகத் தோன்றுகிறது. ஆனால் சில இல்லங்களில் அவ்வரியைப் படிக்கும் முதியவர் நெடுநேரம் பேசாதிருப்பார். அம்மௌனத்தின் காரணத்தை அறிய வரலாற்றைச் சிறிது புரட்ட வேண்டும்.

டெக்சாஸ் மாநிலத்தில் 1918 ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் ஒன்று, பொதுப்பள்ளிகளில் ஆங்கிலமன்றிப் பிறமொழியில் பாடம் நடத்துவதைக் குற்றமாக்கிற்று. வகுப்பிலும் விளையாட்டுத் திடலிலும் ஸ்பானிய மொழி பேசிய சிறுவர் அடிபட்டனர். அம்மாநிலத்தின் மேற்கே மார்பா என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே மெக்சிக்க மரபினரின் பிள்ளைகளுக்கெனப் பிளாக்வெல் பள்ளி 1909 ஆம் ஆண்டில் அமைந்தது. வெயிலில் உலர்த்திய மண்கற்களால் எழுப்பிய கட்டடம் அது. 1954 ஆம் ஆண்டில் அப்பள்ளியில் ஒரு சடங்கு நிகழ்ந்தது. மாணவர்கள் தாள் நறுக்குகளில் எழுதினர். அவற்றைப் பெட்டியில் இட்டனர். பள்ளி வளாகத்திலேயே குழி தோண்டிப் புதைத்தனர். புதைக்கப்பட்டது யார் தெரியுமா? 'திருவாளர் ஸ்பானியம்'! அன்றுமுதல் அம்மொழியை அவர்கள் பேசலாகாது என்பது அச்சடங்கின் பொருள். தாயிடம் கற்ற மொழிக்குப் பிள்ளைகளின் கையாலேயே ஈமக்கடன் செய்வித்தனர்.

அப்பள்ளி 1965 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. இருமொழிக் கல்விக்கு உதவும் நடுவணரசின் சட்டம் 1968 ஆம் ஆண்டில் வந்தது. 2007 ஆம் ஆண்டில், அப்பள்ளியின் பழைய மாணவர்கள், நரைத்த தலையினராய் மீண்டும் அவ்விடத்தில் கூடி, ஓர் ஸ்பானிய அகராதியை மண்ணிலிருந்து தோண்டி எடுத்தனர். 2022 ஆம் ஆண்டில் அப்பள்ளியைத் தேசிய வரலாற்றுத் தலமாக ஆக்கும் சட்டம் நிறைவேறியது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்ததை எந்தச் சட்டமும் மாற்றவியலாது. அவ்வாறு அடிபட்டு வளர்ந்தோருள் பலர், 'என் பிள்ளைக்கு இந்நிலை வேண்டா' எனக் கருதித் தம் மக்களிடம் ஆங்கிலத்திலேயே பேசினர். அதனால் பெயர்த்தி தன் பாட்டனின் மொழியை, வேற்றுமொழி கற்பதுபோலப் பள்ளியில் எழுத்தெண்ணிக் கற்கிறாள். வீட்டில் அம்மொழியை முழுதும் அறிந்த ஒருவர் அருகிலேயே அமர்ந்திருக்கிறார். வாய் திறக்க அவருக்கு அச்சம்.

இவர்க்கு மடல் எழுதும் ஆசிரியர் கட்டளையிடலாகாது. "உங்கள் மொழி எங்கள் வகுப்பிற்கு வேண்டும், நீங்கள் அறிந்ததை எங்களுக்குத் தாருங்கள்" எனக் கேட்டு நிற்றல் வேண்டும். மற்றொரு வகைக் குடும்பத்தையும் அவர் மறத்தலாகாது. குவாத்தமாலாவிலிருந்தும் தென்மெக்சிக்கோவிலிருந்தும் வந்தோருள் சிலர்க்கு ஸ்பானியமே தாய்மொழியன்று. மாம், மிஷ்டெக் முதலிய பழங்குடி மொழிகளே அவர்கள் வீட்டில் வழங்குவன. அவர்களிடம் மடலைவிட நேரிற் சென்று பேசும் சொல்லே பயன்படும்.

விழாக்களைப் பற்றி எழுதுவது எல்லா ஆசிரியர்க்கும் விருப்பமானது. அதில் தவறும் மிகுதி. மே 5 ஆம் நாளை மெக்சிக்கோவின் விடுதலை நாள் என எண்ணுவோர் அமெரிக்காவில் பலர். அது 1862 ஆம் ஆண்டில் புவேப்லா என்னும் ஊரில் பிரெஞ்சுப் படையை மெக்சிக்கர் வென்ற நாள்; படைத்தலைவர் இக்னாசியோ சரகோசா, இன்றைய டெக்சாஸில் பிறந்தவர். விடுதலைக் குரல் எழுந்ததோ 1810 ஆம் ஆண்டு செப்டம்பர் 16 அன்று. நவம்பர் முதல் இரு நாள்களில் மெக்சிக்கர் தம் முன்னோரை நினைந்து வீட்டில் பீடம் அமைப்பர். அதன்மேல் அவர்கள் பரப்பும் மஞ்சள் மலர் நாம் செண்டுமல்லி என மாலை கட்டுவதேயாம். அதன் தாயகம் மெக்சிக்கோ. டிசம்பர் 31 நள்ளிரவில் ஸ்பெயினில் மணி பன்னிரண்டு முறை ஒலிக்க, ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு திராட்சை உண்பர். இதனை வீட்டில் செய்து பார்க்கச் சொல்லும் ஆசிரியர், சிறு குழந்தைகளுக்குப் பழத்தை நறுக்கிக் கொடுக்குமாறு ஒரு வரி சேர்ப்பது அவசியம். இவ்விழாக்களை எல்லா ஸ்பானிய மக்களும் கொண்டாடுவதாக எழுதிவிடுதலும் பிழை; அர்ஜென்டினாவிலிருந்து வந்த குடும்பம் அதைக் கண்டு முகஞ்சுளிக்கும்.

என் கருத்தில், மடலின் சிறந்த பகுதி அதன் அடியில் ஆசிரியர் எழுதாமல் விட்டுவைக்கும் வெற்றிடமே. வெட்டி அனுப்புமாறு புள்ளிக்கோடு இட்ட அவ்விடத்தில், "உங்கள் வீட்டில் குளிர்நாளில் என்ன பருகுவீர்கள்?" என்பது போன்ற ஒரு வினா மட்டும் இருக்கும். மறுவாரம் தாள்கள் திரும்பி வருகின்றன. ஒரு தாளில் நடுங்கும் எழுத்தில் பாட்டி ஒருத்தி எழுதியிருக்கிறாள். பள்ளிக்கு அதிகம் செல்லாதவள் என்பது எழுத்தாலேயே விளங்கும். ஒலியில் ஒன்றாகிவிட்ட இரு பகர எழுத்துகளையும் மாற்றி மாற்றி இட்டிருக்கிறாள். ஒலியாத ஹகரத்தை விட்டிருக்கிறாள். சிவப்பு மையை ஆசிரியர் எடுக்கவில்லை. எழுதியவளின் ஒப்புதல் பெற்று, எழுத்தை மட்டும் ஓசையின்றிச் செம்மை செய்து, அடுத்த மடலின் முதற்பக்கத்தில் இரு மொழியிலும் பதிப்பிக்கிறார்.

அது 'அதோலே' என்னும் கஞ்சியின் செய்முறை. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துக் கழுவி அரைத்த மாவை நீரிலோ பாலிலோ கட்டியின்றிக் கரைக்க வேண்டும். இலவங்கப்பட்டைத் துண்டும், நம் நாட்டு வெல்லத்தை ஒத்த கருப்பஞ்சர்க்கரைக் கட்டியும் இட்டு, சிறுதீயில் கொதிக்கவிட வேண்டும். கை ஓயாமல் கிண்டிக்கொண்டேயிருக்க வேண்டும்; விட்டால் அடிபிடிக்கும். ஸ்பானிய மொழியில் ஒரு சொல்லும் அறியாத வீட்டிலும் மடலைப் பார்த்துப் பார்த்து ஒருவர் கிண்டுவார். மகன் அருகில் நின்று செய்முறையின் சொற்களை உரக்கப் படிப்பான்.